டபுள் கெப் இழுக்கிறதா? எலைன்மென்ட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

டபுள் கெப் இடப்பக்கம் இழுக்கிறது, ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது, முன் டயர் ஒரு ஓரமாக வழித்துத் தேய்கிறது. இந்த மூன்றில் ஒன்று தெரிந்ததும் மட்டக்களப்பிலும் சரி, கல்முனையிலும் சரி, எல்லோரும் நேரே போவது சில்லுகளின் கோணத்தை அளந்து திருத்தும் எலைன்மென்ட் மெசினுக்குத்தான். கொஞ்ச நேரத்தில் வேலை முடிகிறது, திரையில் எல்லாம் பச்சை காட்டுகிறது, சில கிழமையில் பழைய குறை திரும்பி வருகிறது. மெசினில் பிழை இல்லை. தன் முன்னால் நின்ற வாகனத்தின் கோணத்தை அது சரியாகத்தான் சொன்னது. ஆனால் தேய்ந்த புஷ்ஷும் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளை) தளர்ந்த டை ரொட் என்ட்டும் (ஸ்டியரிங்கிலிருந்து சில்லைத் திருப்பும் தண்டின் நுனி மூட்டு) உள்ள வாகனம் நிற்கும்போது ஒரு கோணத்திலும் ஓடும்போது வேறொரு கோணத்திலும் இருக்கும். எலைன்மென்ட் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முந்திய வேலைகளைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

கோணங்கள் மூன்று. மேலிருந்து பார்த்தால் இரண்டு முன்சில்லுகளின் மூக்கும் ஒன்றை ஒன்று நோக்கி உள்ளே திரும்பியிருப்பது டோ-இன், வெளியே விரிந்திருப்பது டோ-அவுட். முன்னால் நின்று பார்த்தால் சில்லின் தலை உள்ளே சாய்வதும் வெளியே சாய்வதும் கேம்பர். பக்கத்திலிருந்து பார்த்தால் சில்லைத் தாங்கும் மேல் போல் ஜொயின்ட் (குமிழ் மூட்டு) கீழ் ஜொயின்ட்டைவிடப் பின்னால் தள்ளி நிற்கும் சாய்வு காஸ்டர். வளைவு எடுத்த பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது காஸ்டரால்தான். டயரை அதிகம் தின்பது டோ. கேம்பர் ஓரத்தைத் தின்னும். காஸ்டர் டயரைப் பெரிதாகத் தின்னாது, ஆனால் வாகனத்தை அலைய வைக்கும், இரண்டு பக்கமும் வித்தியாசமாக இருந்தால் இழுக்க வைக்கும்.

டோ எப்படித் தின்கிறது என்பதைக் கணக்காகப் பார்த்தால் விளங்கும். 700 மி.மீ விட்டமுள்ள டயரில் மொத்த டோ 5 மி.மீ பிழை என்றால், ஒவ்வொரு சில்லும் ஏறக்குறைய 0.2 பாகை திரும்பி நிற்கிறது. பார்வைக்குத் தெரியாத அளவு. ஆனால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அந்த டயர் மூன்றரை மீற்றர் பக்கவாட்டில் உரசுகிறது. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். ஒரு தரம் போய்ச் சேர்வதற்குள் 140 மீற்றர் தூரம் டயரைப் பக்கவாட்டில் தேய்த்த கணக்கு.

எங்கள் பக்கத்து ஓட்டத்தையும் சொல்ல வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் ஏ4 வீதி காப்பெட் ரோட்டு, அங்கே பெரிய தொல்லை இல்லை. வாவியைக் கடந்து வவுணதீவுப் பக்கமோ கொக்கட்டிச்சோலைப் பக்கமோ இறங்கி, அங்கிருந்து வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) திரும்பினால் கிறவல் ரோட்டும் வாய்க்கால் கட்டும்தான். சம்மாந்துறை, சாகாமம் வயல்களிலும் இதே கதை. வாய்க்கால் கட்டில் ஒரு பக்கச் சில்லு எப்போதும் பள்ளத்தில் ஓடும். மாரியில் தண்ணீர் மூடிய மதகின் விளிம்பு தெரியாது, முன்சில்லு அதில் மோதினால் அடி முதலில் போவது சில்லைச் சேசியோடு இணைக்கும் கீழ் ஆர்முக்கும், அதைச் சேசியில் பிடிக்கும் கேம் பொல்ட்டுக்கும். கடற்கரையில் வள்ளம் இழுக்கிற கெப்புக்கு உப்புத் துருவும் சேர்ந்துகொள்ளும்.

வாகனம் இழுக்கிறது என்று முடிவெடுக்க முன், அது வாகனத்தின் குறைதானா என்று பார்க்க வேண்டும். வீதியின் நடு உயர்ந்து ஓரங்கள் சரிந்திருக்கும், மழைத் தண்ணீர் வடிவதற்காக. ஒரு மீற்றர் அகலத்துக்கு 2 முதல் 3 சென்ரிமீற்றர் சரிவு சாதாரணம். நாங்கள் இடப்பக்கத்தில் ஓடுவதால் எந்த நல்ல வாகனமும் கையை எடுத்தால் மெதுவாக இடப்பக்கம் போகத்தான் செய்யும். வாகனம் இல்லாத நேரத்தில், தூரம் தெளிவாகத் தெரிகிற நேர் ரோட்டில், நடுவில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் இழுத்தால்தான் குறை.

அடுத்தது காற்று. ஓட முன், டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கையும் அளக்க வேண்டும். எவ்வளவு அமுக்கம் என்பது சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும், வெறும் வாகனத்துக்கும் பாரம் ஏற்றியதற்கும் பெரும்பாலும் தனித்தனியாக. முன்சில்லு இரண்டுக்கும் இடையில் 5 பீ.எஸ்.ஐ. வித்தியாசம் இருந்தாலே காற்றுக் குறைந்த பக்கம் இழுக்கும். காற்று சரி என்றால் முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பூட்டி ஓடுங்கள் (சுழலும் திசை அம்புக்குறி போட்ட டயர் என்றால் இந்தச் சோதனைக்கு மட்டும்). இழுவை மறுபக்கம் மாறினால் குறை டயரில். ரேடியல் டயரின் உள்ளே பெல்ட் கோணலாக இருந்தால் எந்த எலைன்மென்ட்டும் அதை மாற்றாது. மாறாமல் அதே பக்கம் இழுத்தால் பிரேக்கைப் பாருங்கள். பிரேக்கை அதிகம் பாவிக்காமல் சில கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, நான்கு ரிம்முக்கும் கையைக் கிட்டக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கக் கெலிப்பர் பிஸ்டன் இறுகி பேட் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வெள்ளத் தண்ணீரில் ஓடிய வாகனங்களில் இது அதிகம்.

பிறகு டயரை வாசிக்க வேண்டும். உள்ளங்கையை முன் டயரின் குறுக்கே வைத்து, வெளி ஓரத்திலிருந்து உள்ளே தடவுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. உள்ளே போகும்போது வழுவழுப்பாகவும் வெளியே வரும்போது அரம் போலப் பிடிப்பதாகவும் இருந்தால் டோ-இன் கூடிப்போயிருக்கிறது. நேர்மாறாக இருந்தால் டோ-அவுட். ஒரு ஓரம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் கேம்பர். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மிச்சமிருந்தால் காற்றுக் குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்றுக் கூடுதல். இடைக்கிடை குழி விழுந்தது போல இருந்தால் ஷொக் எப்சோபர், பெயாரிங், பலன்ஸ் மூன்றையும் சந்தேகியுங்கள். கண்ணைவிடக் கை இதில் முந்தும். இரண்டாயிரம் கிலோமீற்றர் கழித்துக் கண்ணுக்குத் தெரியப்போவதைக் கை இன்றைக்கே சொல்லிவிடும்.

இனி ஜெக். மணல் முற்றம் என்றால் கீழே தடித்த பலகை போட்டு, தூக்கியதும் ஸ்டாண்ட் வைக்காமல் கீழே கையை நீட்டவே வேண்டாம். சில்லை மேலும் கீழும் பிடித்து, 12 மணி 6 மணி இடத்தில் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லித் திரும்ப அசையுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் போய்விட்டால் பெயாரிங், அப்போதும் இருந்தால் போல் ஜொயின்ட். ஸ்பிரிங் கீழ் ஆர்மில் இருக்கிற வாகனங்களில் ஜெக்கைக் கீழ் ஆர்மின் நுனிப் பக்கம், ஜொயின்ட்டுக்குக் கிட்ட வைத்துத் தூக்கினால்தான் கீழ் போல் ஜொயின்ட்டின் பாரம் விடும். சேசியில் வைத்துத் தூக்கினால் ஆர்ம் தொங்கி, ஜொயின்ட் இறுகி, தேய்ந்த ஜொயின்ட்டும் நல்லது போலக் காட்டும். 9 மணி 3 மணி இடத்தில் அசைத்தால் டை ரொட் என்ட்டின் ஆட்டமும், அந்தத் தண்டு ஸ்டியரிங் ரெக்கோடு (பற்சட்டத்தோடு) சேரும் ரெக் என்ட்டின் ஆட்டமும் தெரியும். இன்னும் நல்ல வழி, வாகனத்தை நிலத்தில் இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிதாக இடம் வலம் ஆட்ட, நீங்கள் ஒவ்வொரு ஜொயின்ட்டிலும் விரல் வைத்துப் பார்ப்பது. தேய்ந்த ஜொயின்ட்டில் சிறு தட்டல் விரலுக்குத் தெரியும். ரெக்குக்குப் பதிலாகச் செக்டர் பொக்ஸ் (ஸ்டியரிங் கியர்ப் பெட்டி) உள்ள பழைய கெப்புகளில், மறுபக்கத்தில் ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் ஐட்லர் ஆர்மை மறக்க வேண்டாம். ரெக் உள்ளவற்றில் ரப்பர் பூட் (மூடும் உறை) கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்த பூட் வழியாக வயல் சேறு போனால் ரெக் என்ட் வெகுகாலம் நிற்காது.

இந்த இடத்தில் பெரும்பாலான பாஸ்மார் (மெக்கானிக்குகள்) முன்பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். கெப்புக்கு அது போதாது. காருக்கு இல்லாத ஒரு பிரச்சினை கெப்புக்குப் பின்பக்கத்தில் இருக்கிறது, இரும்புப் பட்டைகளை (பிளேட்) அடுக்கிக் கட்டிய லீவ் ஸ்பிரிங்.

பின் எக்சில் லீவ் ஸ்பிரிங்கோடு யூ பொல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. பிளேட்டுகளின் நடுவால் போகும் சென்டர் பொல்ட்டின் தலை எக்சிலில் உள்ள ஓட்டையில் உட்கார்ந்து, எக்சில் முன்பின் நகராமல் இடத்தைக் காட்டும். பிடிப்பது யூ பொல்ட், இடம் காட்டுவது சென்டர் பொல்ட். யூ பொல்ட் தளர்ந்தால் முழு இழுவையும் அந்தச் சின்னப் பொல்ட்டுக்கு வரும், அது வெட்டுப்படும், எக்சில் ஒரு பக்கம் பின்னுக்குப் போகும். அதற்குப் பிறகு வாகனம் நண்டு போலச் சரிந்துதான் நேரே போகும். சாரதி நேராக ஓட்டுவதற்காக ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிப்பார். முன்பக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஸ்டியரிங் நேருக்கு வராது. கண்டுபிடிக்க மெசின் தேவையில்லை. முன்சில்லை நேராக வைத்து, முன் ஹப்பின் நடுவிலிருந்து பின் ஹப்பின் நடு வரை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். 5 மி.மீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் பின் எக்சிலையும், முன்னால் அடிபட்டிருந்தால் கீழ் ஆர்மையும் பார்க்க வேண்டும். யூ பொல்ட் ஓரத்தில் பளபளப்பாக உரசிய கோடு, அல்லது துருப்பொடி வழிந்த தடம் இருந்தால் எக்சில் நகர்கிறது. பழைய யூ பொல்ட்டைத் திரும்ப இறுக்கிப் பாவிக்கக் கூடாது, புதியது போட வேண்டும். நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காக, சிறிது சிறிதாக இறுக்கி, பாரம் ஏற்றி ஓடிய பிறகு 500 கிலோமீற்றரில் மறுபடி இறுக்க வேண்டும். மறுபடி இறுக்காமல் விடுவதால்தான் புதிய சென்டர் பொல்ட்டும் உடைகிறது.

அடுத்தது எக்ஸ்ட்ரா பிளேட். 65 கிலோ நெல் மூடை 15 ஏற்றினால் ஏறக்குறைய ஒரு தொன். அறுவடைக் காலத்தில் யாரும் 15 மூடையோடு நிற்பதில்லை. பின்பக்கம் குந்தாமல் இருக்க ஒன்றிரண்டு பிளேட் கூடப் போடுவார்கள். பாரத்துக்கு அது சரி. வெறுமையாக ஓடும்போது பின்பக்கம் உயர்ந்து, மூக்குக் குனிந்து நிற்கும். ஹைலக்ஸ் டபுள் கெப்பின் முன்பின் சில்லிடைத் தூரம் 3,085 மி.மீ. பின்பக்கம் 54 மி.மீ உயர்ந்தால் முழுச் சேசியும் ஒரு பாகை முன்னுக்குச் சாயும், காஸ்டரும் அதே ஒரு பாகை குறையும். பல கெப்புகளுக்கு முழுக் காஸ்டரே 2 முதல் 4 பாகைதான். அதில் ஒன்று போனால் ஸ்டியரிங் லேசாகி, வேகத்தில் அலையும், வளைவுக்குப் பிறகு நேருக்கு வராது. இப்படி வரும் வாகனத்துக்குச் சிலர் டோவை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். குறை பின்னால் இருக்கிறது. பிளேட்டைக் கழற்றுவது, அல்லது கேம் பொல்ட்டில் காஸ்டரைக் கூட்டுவது, இந்த இரண்டில் ஒன்றுதான் வழி. வருடம் முழுக்கப் பாரம் ஏற்றாதவர் பிளேட்டைக் கழற்றுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

கேம் பொல்ட்டுக்கு வருவோம். ஹைலக்ஸ் போன்ற கெப்புகளில் கீழ் ஆர்ம் சேசியோடு சேருமிடத்தில் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு கேம் பொல்ட் இருக்கும். தலையில் நடு தப்பிய வட்டத் தகடு, பக்கத்தில் கோடுகள். இரண்டையும் சேர்த்து ஆர்மை வெளியே தள்ளினால் சில்லின் தலை உள்ளே சாயும், கேம்பர் மைனஸ் பக்கம் போகும். முன் கேமை உள்ளேயும் பின் கேமை வெளியேயும் நகர்த்தினால் கீழ் ஜொயின்ட் முன்னுக்கு வரும், காஸ்டர் கூடும். சில பழைய மாடல்களில் இந்த வசதி இல்லை, மேல் ஆர்முக்கும் சேசிக்கும் இடையில் தகட்டுச் சிம் வைத்து மாற்றுவார்கள். முன்னாலும் லீவ் ஸ்பிரிங்கும் நேர் எக்சிலும் உள்ளவற்றில் காஸ்டருக்கு ஸ்பிரிங்கின் அடியில் ஆப்புத் தகடு, கேம்பர் மாறியிருந்தால் எக்சில் வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் காற்றில் இந்தக் கேம் பொல்ட் புஷ்ஷின் உள் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். நட்டு கழரும், பொல்ட் சுழலாது. நெருப்புக் காட்டினால் துரு இளகும், கூடவே புஷ் ரப்பரும் எரியும். துரு எண்ணெய் அடித்து ஒரு இரவு விட்டு, நட்டை நுனி வரை திருப்பி விட்டு அதன் மேல் தட்டி, முன்னும் பின்னும் சிறிதாகச் சுழற்றிப் பாருங்கள். வராவிட்டால் பிளேடால் ஆர்மின் இரு பக்கமும் வெட்டி எடுத்து, பொல்ட்டும் கேம் தகடும் புஷ்ஷும் புதிதாகப் போடுவதுதான் வழி. செலவுதான், ஆனால் சுழலாத கேம் பொல்ட்டோடு எந்த மெசினில் ஏற்றினாலும் டோவை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். புதிய பொல்ட்டின் தண்டுக்குக் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள், புரியில் வேண்டாம். இன்னொன்று மிக முக்கியம்: புஷ் பொல்ட்டுகளைச் சில்லு தொங்கும்போது இறுக்கக் கூடாது. வாகனத்தை நிலத்தில் இறக்கி, முன்பக்கத்தை இரண்டு மூன்று தரம் அமுக்கி விட்டு, அது இயல்பாக நிற்கும் உயரத்தில் இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும்.

தளர்ந்தது எல்லாம் மாற்றிய பிறகு, டவுன் வரை டயரைத் தின்னாமல் போய்ச் சேர வேண்டும். அதற்கு டோவை வீட்டிலேயே அளந்து வைக்கலாம். மணல் முற்றம் சரிவராது, சீமெந்துத் தளம் வேண்டும். ஆலைகளில் நெல் காயவைக்கும் தளம் நல்ல இடம். முன்பக்கத்தைத் தூக்கி, சில்லைச் சுழற்றிக்கொண்டு டயரின் நடுவில் சோக் (சுண்ணக்கட்டி) பூசுங்கள். பலகைத் துண்டில் அறைந்த ஆணியை அசையாமல் பிடித்து, சுழலும் டயரில் ஒரு மெல்லிய கோடு இழுங்கள். டயர் கோணலாக உருண்டாலும் கோடு நேராக விழும், அதனால்தான் டயரின் பள்ளத்தை நம்பாமல் இந்த வேலை. மற்றச் சில்லுக்கும் அப்படியே. இறக்கி, முன்பக்கத்தை அமுக்கி விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து வாகனத்தை இரண்டு மீற்றர் முன்னுக்கு உருட்டுங்கள். பின்னுக்கு உருட்டி நிறுத்தினால் ஜொயின்ட்டுகளின் தளர்வு மறுபக்கம் போய் அளவு பிழைக்கும். ஹப் உயரத்தில், முன்புறம் கோட்டிலிருந்து கோட்டுக்கு ஒரு அளவு, பின்புறம் அதே உயரத்தில் ஒரு அளவு. டேப்பின் இரு நுனியையும் இருவர் பிடிக்க வேண்டும். முன்னளவு பின்னளவைவிடக் குறைந்தால் டோ-இன். பல கெப்புகளுக்கு 0 முதல் 3 மி.மீ. வரை சரி, உங்கள் மாடலின் சரியான எண்ணை அதன் கைநூலில் பாருங்கள்.

கேம்பருக்கு மேசன் பாஸ்மாரின் தூக்குக்குண்டு போதும். நூலை ரிம்முக்கு முன்னால் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து கழியுங்கள். 16 அங்குல ரிம்மில் 7.5 மி.மீ. வித்தியாசம் ஒரு பாகை. ஆனால் தளம் இடம் வலமாகச் சரிந்திருந்தால் கணக்குப் பிழைக்கும், நெல் தளத்தில் தண்ணீர் வடியச் சரிவு வைத்திருப்பார்கள். இரண்டு சில்லின் அடிக்கும் இடையில் 13 மி.மீ. உயர வித்தியாசம் அரைப் பாகைப் பிழை. தண்ணீர்க் குழாய் மட்டத்தால் பார்த்து, தாழ்ந்த பக்கச் சில்லின் அடியில் தகடு வையுங்கள்.

திருத்தும்போது ஒழுங்கு மாறக் கூடாது. முதலில் காஸ்டரும் கேம்பரும், கடைசியில் டோ, ஏனென்றால் முதலிரண்டைத் தொட்டால் டோ தானாக மாறும். டை ரொட்டின் லொக் நட்டைத் தளர்த்தி, ரொட்டைச் சுழற்றினால் டோ மாறும். ரெக் எக்சிலுக்கு முன்னால் உள்ள வாகனத்தில் ரொட்டை நீட்டினால் டோ-அவுட், பின்னால் உள்ளதில் டோ-இன். கால் சுற்றுக்கே ஏறக்குறைய 2 மி.மீ. மாறும், ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ரப்பர் பூட் கிளிப்பை முதலில் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பூட் முறுக்கிக் கிழியும். இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்ப வேண்டும். ஸ்டியரிங் கோணல் என்றால் ஒரு பக்கம் நீட்டிய அளவு மறுபக்கம் சுருக்க வேண்டும். ஸ்டியரிங் வீலையே கழற்றி நேராக்கிப் பூட்டுவது பிழையான வேலை. எயார் பேக் உள்ள வாகனத்தில் ஆபத்தும்கூட. டை ரொட் என்ட் மாற்றினால், ஸ்பிளிட் பின் (நட்டு கழராமல் கோர்க்கும் கம்பி) ஓட்டை ஒத்துவராதபோது நட்டைப் பின்னுக்குத் தளர்த்தக் கூடாது, இன்னும் இறுக்கித்தான் ஓட்டையைப் பிடிக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகு மெசினுக்குப் போகலாம். எப்போதும் வாகனத்தில் இருக்கிற கெனப்பி (பின்பக்கக் கூடு), இரும்புச் சட்டம், ஆயுதப் பெட்டி எதையும் இறக்க வேண்டாம், அவையும் சேர்ந்ததுதான் உங்கள் வாகனத்தின் உயரம். டோ மட்டும் போதாது, காஸ்டரும் கேம்பரும் பார்க்க வேண்டும் என்று ஏற்றும்போதே சொல்லுங்கள். திருத்த முன் இருந்த அளவும் திருத்திய பின் வந்த அளவும் உள்ள தாளை அச்சடித்து வாங்குங்கள். அதில் பச்சையைவிட இடம் வலம் வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் எல்லைக்குள் இருந்து பச்சை காட்டினாலும், ஒன்று எல்லையின் மேல்முனையிலும் மற்றது கீழ்முனையிலும் நின்றால் வாகனம் இழுக்கும். காஸ்டர் குறைந்த பக்கமும், கேம்பர் பிளஸ் கூடிய பக்கமும் இழுக்கும். எங்கள் வீதிச் சரிவுக்கு இடப்பக்கக் காஸ்டர் வலத்தைவிடக் கால் பாகை, மிஞ்சினால் அரைப் பாகை கூட இருப்பது நல்லது. வழுக்கல் கட்டுப்பாடு உள்ள புதிய கெப்புகளில் ஸ்டியரிங் கோண சென்சரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரச் சொல்லவும் வேண்டும். செய்யாமல் விட்டால் நேர் ரோட்டிலும் டேஷ்போர்ட்டில் எச்சரிக்கை விளக்கு எரியலாம்.

எப்போது செய்வது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒக்டோபரில், மாரி தொடங்க முன், பூட், கிறீஸ், யூ பொல்ட் மட்டும் பார்த்து வையுங்கள், மெசினுக்குக் கொடுக்கும் காசை வைத்திருங்கள். மாரித் தண்ணீரும் பெரும்போக அறுவடை ஏற்றமும் எப்படியும் முன்பக்கத்தை அசைத்துவிடும். பங்குனியில் கடைசி மூடையும் இறங்கிய பிறகு தளர்ந்ததை மாற்றி, அதற்குப் பிறகு மெசினில் ஏற்றுங்கள். ஏற்றி ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் முன் டயர் இரண்டையும் உள்ளங்கையால் ஒருதரம் குறுக்கே தடவிப் பாருங்கள், இரு திசையிலும் ஒரேமாதிரி வழுவழுப்பாக இருக்க வேண்டும்.